நகர்ந்து உட்காருங்க

அந்த நாற்காலி சூடாக இருந்திருக்க வேண்டும். காக்கிச் சட்டை டிரைவர் அவ்வளவு நேரம் அதில் சாய்ந்து முனகிக்கொண்டிருந்தார். இப்போதுதான் எழுந்து உள்ளே போனார். ஆனால் அவள் நகர்ந்து அதில் உட்கார்ந்ததும் புடவையைத் தாண்டிச் சில்லென்று ஏறியது. விடுதிச் சலவைக்கூடத்தில் நாளெல்லாம் இஸ்திரி போடுகிறவள் அவள். விரிப்பைத் தொட்ட மாத்திரத்தில், பெட்டி அதன் மேல் ஓடி எவ்வளவு நேரம் ஆயிற்று என்று சொல்லிவிடுவாள். சூட்டு விஷயத்தில் அவள் கை ஏமாந்ததே இல்லை.

அவசரப் பிரிவு என்று பெயரில்தான் அவசரம். டோக்கன் கிடையாது. சுவரோரம் நீளமாக ஒரு வரிசை நாற்காலிகள். யாராவது உள்ளே போனதும் அவருக்குப் பின்னால் இருப்பவர்கள் ஆளுக்கு ஓரிடம் நகர வேண்டும். காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தவளைத் தம்பிதான் கைத்தாங்கலாகக் கடைசி நாற்காலியில் உட்கார வைத்தான்.

"சிஸ்டர், அக்காவுக்கு வலி இடது கை வரைக்கும் இறங்குது. கொஞ்சம் பாருங்களேன்."

"இங்க வர்றவங்க எல்லாருக்கும் வலிதாங்க," என்றாள் நர்ஸ், நிமிராமலே. "நகர்ந்து உட்காருங்க. முறை வந்தா கூப்பிடுவோம்."

தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு, குறுக்கே நிறுத்திய வண்டியை ஓரங்கட்டப் போனான். போனவன் போனவன்தான், இடம் தேடி எந்தத் தெருவில் சுற்றுகிறானோ.

கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை. யாராவது ஒருவர் வந்து நாடி பிடித்துப் பார்த்தால் போதும் என்றிருந்தது. வீட்டுச் சாவி அவள் உள்ளங்கையில் இருந்தது. பள்ளி விட்டு வரும் மகள் பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அதற்குள் போய்விட வேண்டும். வெளியே நல்ல வெயில். இந்தக் கூடத்தில் ஜன்னல் இல்லாததால் அது யாருக்கும் தெரியவில்லை. பினாயில் வாடை, அதற்கு அடியில் ஈரப் பஞ்சு வாடை, விட்டு விட்டு எரியும் டியூப்லைட்டின் ரீங்காரம், இவற்றோடு அவளுக்கு முன்னால் இருந்த இருமல்காரப் பெரியவரின் ஓயாத இருமல்.

இருமல் நின்றது.

"நீங்க வாங்க," என்றாள் நர்ஸ். பெரியவர் எழுந்து போனார். கதவு திறந்ததும் தெரியவில்லை, மூடியதும் தெரியவில்லை.

அவள் நகர்ந்தாள். அந்த நாற்காலியும் ஐஸாக இருந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. டிரைவரும் முனகலை நிறுத்திய பிறகுதான் கூப்பிடப்பட்டார். அவருக்கு முன்னால், வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுத பெண்ணும் அப்படித்தான். வலியோடு யாரையும் உள்ளே கூப்பிடவில்லை. உள்ளே போன யாரும் வெளியே வரவும் இல்லை.

எழுந்து ஓடிவிடலாமா? கால் வரவில்லை. நெஞ்சு மட்டும் விண்விண்ணென்று தெறித்தது. வலிக்கட்டும். நன்றாக வலிக்கட்டும். வலி இருக்கும்வரை கூப்பிட மாட்டார்கள். அவள் அந்த வலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். தம்பி வரட்டும். வந்துவிடுவான்.

வலி நின்றது.

எவ்வளவு சுகமாக இருந்தது! பிறகு உள்ளங்கையைப் பார்த்தாள். காலையிலிருந்து மூடியே வைத்திருந்த கை. சாவி சில்லிட்டுக் கிடந்தது.

"நீங்க வாங்க," என்றாள் நர்ஸ். இப்போதுதான் முதல் தடவையாக நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். அன்பாகவே பார்த்தாள்.

கால்கள் தாமாக எழுந்தன. தம்பி மூச்சிரைக்க ஓடி வந்தான், நேராக அவளைப் பார்த்து. பார்வை அவளைத் தாண்டிப் போயிற்று.

"எங்கக்கா எங்கங்க? இங்கதான் இருந்தாங்க."

"இப்பதான் தம்பி உள்ள கூப்பிட்டாங்க," என்றாள் பக்கத்து நாற்காலிக்காரி.

"அப்பாடா! இப்பவாவது கூப்பிட்டாங்களே." முகமெல்லாம் நிம்மதியாக, அவள் இருந்த இடத்தில் தொப்பென்று உட்கார்ந்தான். உடனே நெளிந்தான். "என்னங்க இது, சீட்டு இப்படிச் சில்லுனு இருக்கு?"

அவள் கத்தினாள். சத்தம் வரவில்லை.

கதவு திறந்தது. டாக்டர் இல்லை. கட்டில் இல்லை. சுவரோரம் இருட்டுக்குள் எங்கோ போய் மறையும் ஒரு வரிசை நாற்காலிகள். டிரைவர். இருமல்காரப் பெரியவர். அழுத பெண். அவர்களுக்கும் அப்பால், நிறையப் பேர்.

யாரும் நிமிரவில்லை. அவளுக்கு இடம்விட்டு, எல்லோரும் ஓரிடம் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.