ஒரு வீட்டுக்கு ஒரு மூலம்

காலை ஆறு மணிக்கு எங்கள் வீட்டின் மூன்று டிவிகளிலும் துறைமுகம் தெரியும். கூடத்தில் பெரியது ஒன்று, அடுப்படியில் ஒன்று, நானும் அம்மாவும் படுக்கும் உள்ளறையில் ஒன்று. மூன்றிலும் அதே கிரேன், அதே கப்பல், அதே சரக்குப் பெட்டிகள். அப்பா கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைப்பிடிகளைப் பிடித்தபடி, ஆறு கிலோமீட்டர் தள்ளி நிற்கும் அந்தக் கிரேனை ஓட்டுவார். அம்மா அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டே, "ஏங்க, எடப்பக்கக் கொக்கி சரியா மாட்டலங்க, பாருங்க" என்று சத்தம் கொடுப்பாள். பாதி நாள் அவள் சொன்னதுதான் சரியாக இருக்கும்.

பத்து மணிக்கு அப்பாவின் வேலை முடியும். அந்த நொடியில் மூன்று டிவிகளிலும் என் கணக்கு ஆசிரியர் வந்துவிடுவார். அப்பா ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கூடத்திலேயே சாய்ந்து, முக்கோணவியல் கேட்பார். புதன்கிழமைகளில் மணப்பாட்டில் இருக்கும் பெரியம்மா ஒரு மணி நேரம் பேசுவாள். அவளுடைய வாய்வுத் தொல்லை மூன்று அறைகளிலும் முழுதாகக் கேட்கும். ஞாயிறு மாதாகோயில் பூசைக்கு மட்டும் எல்லோரும் கூடத்துக்கு வந்து ஒன்றாக முழங்கால் போடுவோம்.

ஒன்பது மணிக்கு மேல் தூத்துக்குடியில் யாரும் தெருவில் நடக்க முடியாது. வெயில் தோலைக் கொப்பளிக்க வைத்துவிடும். அதனால் கப்பலும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கோயிலும் வீட்டுக்குள் டிவி வழியாகத்தான் வரும். ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றுதான் வரும். ஒரு வீட்டுக்கு ஒரு மூலம் என்பது, ஒளிபரப்பைப் பங்கிடும் அலை வாரியத்தின் விதி. நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, கணினித் தரவுக்கூடங்களைக் குளிர்விக்க மின்சாரம் போதாமல் போன வருடத்தில் அதைக் கொண்டுவந்தார்கள். வாசல் நிலைக்கு மேலே ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டிவிட்டுப் போனார்கள். அதற்குப் பகிர்வி என்று பெயர். உள்ளே ஒரு கம்பி வரும், வெளியே மூன்று கம்பிகள் போகும். ஒரே படத்தை எல்லா அறைகளுக்கும் பகிரும். இரண்டு படங்களைப் பிரித்துக் கொடுக்க அதற்குத் தெரியாது. யாராவது திருட்டுத்தனமாக இரண்டாவது மூலம் இழுத்தால் அந்த வீடு முப்பது நாள் இருட்டாகிவிடும்.

எந்த மணி யாருக்கு என்று இரண்டு நாள் முன்னதாகவே வாரியத்தில் பதிந்துவிட வேண்டும். பதிந்த மணியை மாற்ற முடியாது.

என் அண்ணன் ரெமி நடுக்கடலில் இருந்தான். கடலடியிலிருந்து கனிமம் வாரும் மேடை ஒன்றில் மூன்று வருட ஒப்பந்தம். திரும்பி வர நான்கு மாதம் இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அவன் முகத்தைப் பார்க்கலாம். அந்த நாளையும் மணியையும் மேடைக்காரர்கள்தான் முடிவு செய்வார்கள். கடைசியாகப் பேசியபோது, துறைமுக வேலைக்கு வரப் பிடிக்கவில்லை என்று அவன் சொல்ல, அப்பா, "அப்ப அங்கேயே கெட. இனி இந்த வீட்டுக்குக் கூப்புடாத" என்று கத்திவிட்டார். அப்பா கத்துவார், ஒரு மணி நேரத்தில் மறந்தும்விடுவார். அது எங்களுக்குத் தெரியும்.

பிப்ரவரியில் எனக்கு மேட்டுநிலத் தேர்வு வந்தது. மேட்டுநிலம் மலைமேல் புதிதாகக் கட்டிய ஊர்; தேர்வில் தேறினால் அங்கே குடியேறலாம். அங்கே பகலில் வெளியே நடக்கலாம் என்றார்கள். பதினெட்டு வயதில் ஒரே ஒரு தடவை எழுதலாம். வியாழக்கிழமை பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை, பதிவான வீட்டிலிருந்து, பதிவான முகத்தோடு.

திங்கட்கிழமை சாயங்காலம் மேடையிலிருந்து அறிவிப்பு வந்தது. ரெமி வியாழக்கிழமை பதினொரு மணிக்குக் கூப்பிடுவான்.

அதை அம்மாதான் முதலில் வாசித்தாள். ஒரு தடவை வாசித்துவிட்டு அப்பாவிடம் கொடுத்தாள். அப்பா வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பக்கத்து வீட்டுல எடுக்க முடியாதா?" என்று கேட்டாள் அம்மா.

"அவன் அழைப்பு நம்ம வீட்டுக்குத்தான வரும். இவ பரீட்சையும் நம்ம வீட்டுலதான் எழுதணும். தெரியாத மாதிரி கேக்கியே."

"அப்ப அவனுக்கு முன்னாடியே சொல்லிருவோம்."

"மேடையோட அறிவிப்புதான் ஒடனே வரும். நம்ம எழுத்துச் சேதி சரக்குக் கப்பலோடதான் போவும். அது போய்ச் சேர ஒம்பது நாளாவும், செலின்."

அம்மா அடுப்படிக்குப் போனாள். பாத்திரம் எதுவும் உருட்டும் சத்தம் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து நின்றாள்.

"அவன் மொகத்தப் பாத்து மூணு மாசமாவுதுங்க."

"இன்னும் மூணு மாசத்துல மறுபடி கூப்புடுவாம்லா. அதுக்கப்புறம் ஆளே வந்துருவான். இவளுக்கு இது ஒரு தடவதான்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொல்லியிருக்கலாம். அண்ணனோடு பேசுவோம், எனக்கு வேண்டாம் என்று ஒரு வார்த்தை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சரி, அவளுக்கே போடுங்க" என்றாள் அம்மா.

அன்று சாயங்காலமே ரெமிக்கு எழுத்துச் செய்தி அனுப்பினோம். தங்கச்சிக்குப் பரீட்சை, அதனால் எடுக்க முடியாது, தப்பாக நினைக்காதே, உடம்பைப் பார்த்துக்கொள். கீழே அப்பா தன் பெயரையும் சேர்க்கச் சொன்னார்.

வியாழக்கிழமை நான் உள்ளறையில் உட்கார்ந்தேன். அப்பா கூடத்தில், அம்மா அடுப்படியில். தேர்வு நேரத்தில் அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. ஆனால் கேள்விகள் மூன்று டிவிகளிலும் வந்தன. முதல் கேள்வி ஒரு நீர்த்தேக்கத்தின் கொள்ளளவைப் பற்றியது. அதற்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தபோது திரையின் வலது மேல்மூலையில் சிவப்புப் புள்ளி ஒன்று தோன்றியது. வெளியே ஓர் அழைப்பு காத்திருக்கிறது என்று அர்த்தம்.

அதை எடுக்க என் திரையில் ஒரு தொடுகை போதும். எடுத்தால் தேர்வு அறுந்துவிடும்.

புள்ளி அணைந்து அணைந்து எரிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அம்மாவின் குரல் கேட்டது. டிவிக்கு மிக அருகில் நின்று, யாரோ தூங்குகிற வீட்டில் பேசுவது போலப் பேசினாள். "எய்யா... கொஞ்சம் பொறுய்யா. தங்கச்சி எழுதுதா. வச்சிராத, ராசா." அவன் காதில் அது விழாது என்று அவளுக்குத் தெரியும். நான் அடுத்த கேள்விக்குப் போனேன்.

பதினொரு நிமிடம் எரிந்த பிறகு புள்ளி மறைந்தது. மீதிக் கேள்விகளையும் எழுதி முடித்தேன். வெளியே வந்தபோது அப்பா, "நல்லா எழுதுனியா?" என்று கேட்டார். எழுதினேன் என்றேன். அடுப்படி டிவி முழுக்க அம்மாவின் ஈர விரல் பட்ட தடங்கள் காய்ந்திருந்தன.

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. எனக்கு இடம் கிடைத்துவிட்டது. எங்கள் தெருவில் வேறு யாருக்கும் கிடைக்கவில்லை. அப்பா கிரேன் ஓட்டும்போதே அதைத் துறைமுகத்தில் எல்லோருக்கும் சொல்லிவிட்டார். அவரோடு வேலை செய்பவர்கள் வாழ்த்துச் சொல்வது மூன்று அறைகளிலும் கேட்டது. அம்மா அன்று கோழி ஆக்கினாள். ஏப்ரல் பதினைந்தாம் தேதிக்குள் வருகிறேன் என்று உறுதி சொல்ல வேண்டும். மே மாதம் அவர்களே வண்டி அனுப்புவார்கள்.

மார்ச் கடைசியில் ரெமியின் எழுத்துச் செய்தி வந்தது. வேறு துறைமுகங்களைச் சுற்றிவிட்டுச் சரக்குக் கப்பல் கொண்டுவந்த பழைய செய்தி. அப்பா அதைத் திரையில் போட்டார்.

'அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ரெமி எழுதுவது. வியாழக்கிழமை கூப்பிட்டேன். யாரும் எடுக்கவில்லை. இங்கே இன்னும் பன்னிரண்டு வருடம் இருக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். அன்று ராத்திரிக்குள் பதில் சொல்ல வேண்டியிருந்தது. உங்களிடம் கேட்டுவிட்டுச் சொல்லலாம் என்றுதான் பதினொரு நிமிடமும் பிடித்துக்கொண்டிருந்தேன். போன தடவை அப்பா சொன்னதை நினைத்தேன். வீட்டில் எடுக்காததே பதில் என்று எடுத்துக்கொண்டேன். கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஜெனிட்டாவை நன்றாகப் படிக்கச் சொல்லுங்கள்.'

அப்பா அதை இரண்டாவது தடவை வாசிக்கவில்லை. எழுந்து போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டார். தண்ணீர் விழும் சத்தம் கேட்கவில்லை. அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, "நம்ம சேதி அவனுக்குப் பொறவுதான் போயிருக்கு" என்று மட்டும் சொன்னாள். கையெழுத்துப் போட்டதை மாற்ற முடியுமா என்று அந்த வாரம் முழுவதும் மனு எழுதினோம். முடியாது என்று ஒரு வரியில் பதில் வந்தது.

அதற்கு அடுத்த நாள் அலை வாரியத்தின் அறிவிப்பும் வந்தது. பத்து வருடத்துக்கு மேல் வெளியே தங்குவதாக ஒப்பந்தம் செய்தவர்களின் பெயர் வீட்டுப் பட்டியலில் இராது. ரெமியின் பெயரை நீக்கிவிட்டார்கள். எங்கள் வீட்டில் இப்போது மூன்று தலைகள்.

மூன்று தலைக்குக் குறைந்த வீட்டுக்குத் தனி மூலம் கிடையாது என்பது எல்லோருக்கும் தெரிந்த விதிதான். நான்கு பேராக இருந்தவரை நாங்கள் அதை நினைத்ததில்லை. நான் மேட்டுநிலத்துக்குப் போனாலும், ரெமி மூன்றாவது ஆளாக இருப்பான் என்ற கணக்கில்தான் தேர்வே எழுதினேன். இப்போது நான் போனால் இந்த வீட்டின் பகிர்வியைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அப்பாவுக்குக் கிரேன் இருக்காது. ரெமி கூப்பிட்டால் அழைப்பு வந்து சேர இடம் இருக்காது. என் முகமும் அவர்களுக்குத் தெரியாது. இருட்டிய பிறகு தெருமுனைப் பொதுத்திரையில், நூறு பேரோடு நின்று, வாரியம் போடுவதைப் பார்க்கலாம்.

அப்பாவும் அம்மாவும் ஒரே மாதிரி பேசினார்கள்.

"நீ போ ஜெனி. நாங்க எப்படியும் பொழச்சுக்கிடுவோம்" என்றார் அப்பா.

"எங்களப் பத்தி நெனைக்காத. இந்த வெக்கையில கெடந்து நீயும் ஏன் சாவணும்?" என்றாள் அம்மா.

இதை அவர்கள் தினமும் சொன்னார்கள். சொல்லும்போது இருவருமே வேறு ஏதாவது வேலை செய்துகொண்டிருந்தார்கள். போனால் என்னென்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று மட்டும் ஒரு நாளும் பேசவில்லை.

ஏப்ரல் பதினான்காம் தேதி பகல் இரண்டு மணி எனக்குப் பதிவாகியிருந்தது. உள்ளறையில் உட்கார்ந்தேன். மேட்டுநிலத்து அதிகாரி ஒரு பெண், அம்மா வயது இருக்கும். அவளுக்குப் பின்னால் சன்னல் திறந்திருந்தது. அதற்கு வெளியே ஒருவர் தொப்பிகூட இல்லாமல், வெயிலில், அவசரமில்லாமல் நடந்து போனார்.

"ஜெனிட்டா ததேயு?"

"ஆமாம்."

"உங்களுக்கு ஒதுக்கிய இடத்தை ஏற்றுக்கொள்கிறீர்களா?"

கூடத்து டிவியிலும் அடுப்படி டிவியிலும் அதே கேள்வி ஒலித்தது. சுவர்களுக்கு அப்பாலிருந்து அது இரண்டு தடவை மெதுவாக என் காதில் விழுந்தது. அதிகாரி காத்திருந்தாள். நான் அறைக் கதவைப் பார்த்தேன். அது சாத்தியிருக்கவில்லை. அப்பா எழுந்தால் நாற்காலி கிரீச்சிடும். அம்மா வந்தால் வளையல் சத்தம் கேட்கும். யாராவது ஒருவர் வாசலில் வந்து நின்று, இவள் வருவாள், எழுதிக்கொள்ளுங்கள் என்று அந்த அதிகாரியிடம் சொல்லியிருந்தால் நான் போயிருப்பேன். அரை நிமிடம் காத்திருந்தேன்; யாரும் வரவில்லை.

"கேட்கிறதா, ஜெனிட்டா?"

"கேட்கிறது. நான் வரவில்லை."

"இது இறுதி. தெரியும்தானே?"

"தெரியும்."

அவள் எதையோ குறித்துக்கொண்டாள். மூன்று திரைகளும் சாம்பல் நிறமாயின. மணி முடிய இன்னும் ஐம்பத்தைந்து நிமிடம் இருந்தது. அதை யாரும் எடுக்கவில்லை.

நான் வெளியே வந்தபோது அப்பா கூடத்தில் அதே இடத்தில் இருந்தார். அம்மா எனக்குச் சோறு போட்டு வைத்திருந்தாள். தட்டை என் முன்னால் நகர்த்தினாள். மீனில் பெரிய துண்டை எனக்கு வைத்திருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவர்களைப் பார்க்கவில்லை. சாப்பிட்டேன்.