ரிலீவிங் லெட்டர்

வைட்ஃபீல்ட் அலுவலகத்தின் நான்காவது மாடி அறைக்கு லவினா காலை பதினொரு மணிக்குப் போனாள். வேலையை விட்டுப் போகிறவர்கள் தங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் ஓர் இயந்திரத்திடம் ஒப்படைக்கும் அறை அது. பதினோரு வருடம் மாடாய் உழைத்தாயிற்று. இனியாவது பத்து வயது மகள் லீனாவோடு இருக்கலாம் என்று ராஜினாமா செய்திருந்தாள். இத்தனை விசுவாசத்துக்கும் கம்பெனி கொடுத்தது ஒரு பேனாவும் அரைத் துண்டு கேக்கும்தான்.

"எதையும் மறைக்காம சொல்லிடுங்க லவினா. முடிச்சாதான் ரிலீவிங் லெட்டர்," என்று சொல்லிவிட்டு, எச்.ஆர். ஸ்ரீவித்யா கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

ஜன்னல் கிடையாது. ஈரக் கார்ப்பெட்டின் முடைநாற்றம். மேசைமேல் மைக்கின் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. ஏசி இரைச்சலுக்கு அடியில் யாரோ மூச்சு விடுவதுபோல் இருந்தது.

"கிளையண்ட் கத்தினா எப்படிப் பொறுத்துக்குவீங்க?" என்றது ஸ்பீக்கர்.

"என் பொண்ண நெனச்சுக்குவேன்."

"என்ன நெனப்பீங்க?"

சொன்னாள். லீனா பிறந்த மழைநாள், சர்ச்சில் புதுநன்மை வாங்கியபோது போட்ட வெள்ளை கவுன், பாப்பு என்ற செல்லப்பெயர். விசுவாச ஊழியர்களின் சாபக்கேடு அது. கேட்டால் மிச்சம் வைக்கத் தெரியாது.

கடைசிக் கேள்வியை ஸ்பீக்கர் லவினாவின் குரலிலேயே கேட்டது.

"போதும்! எல்லாத்தையும் அழிச்சிடு!" என்று கத்தினாள் லவினா.

சிவப்பு விளக்கு அணையவில்லை. கறந்த பால் மடி புகுமா?

சாயங்காலம் லெட்டர் கிடைத்தது. "எல்லி மேடம்?" என்று, எங்கே போகணும் எனக் கன்னடத்தில் கேட்டார் ஆட்டோக்காரர். வீடு எங்கே என்பது அவள் நினைவில் இல்லை. லெட்டரில் இருந்த முகவரியைக் காட்டித்தான் குக் டவுன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

கதவைத் திறந்த சிறுமியின் காதில் போன் இருந்தது.

அழகான குழந்தை, யார் வீட்டுப் பிள்ளையோ என்று நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில் லெட்டரை எடுத்து, இது தன் வீட்டு முகவரிதானே என்று மறுபடி பார்த்தாள்.

"உன் பேரு என்னம்மா?"

சிறுமி பின்வாங்கினாள்.

"அம்மா," என்று போனில் கிசுகிசுத்தாள். "உங்கள மாதிரியே ஒருத்தங்க வந்து நிக்கிறாங்க. என் பேரக் கேக்குறாங்க. பயமா இருக்கும்மா."

போனிலிருந்து லவினாவின் குரல் கனிவாக வந்தது.

"கதவச் சாத்திடு பாப்பு. அம்மா ஆஃபீஸ்லதான் இருக்கேன்."

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.