ஐந்தாவது தலைவர்

பதினொன்றரைக்கு முடிவு வரும். பத்து மணிக்கே மூன்றாம் மாடியில் யாருக்கும் இருப்புக்கொள்ளவில்லை.

கோகிலவாணி மூன்றாவது முறையாகக் கண்ணாடி பார்த்துவிட்டு வந்தாள். கடுகு நிறப் பட்டு. தங்கை கல்யாணத்துக்குக் கட்டியது, அதற்குப் பிறகு இன்றுதான்.

முதற்பொறி அறிவுடைமை நிறுவனத்தின் இணையதளத்தில் ‘எங்கள் தலைவர்கள்’ என்று ஒரு பக்கம் உண்டு. நான்கு முகங்கள், நான்கு பெயர்கள், ஒவ்வொருவரின் தொழில் பின்னணியும் முந்நூறு சொல்லில். அந்தப் பக்கத்தில் தன்னையும் சேர்க்கச் சொல்லி அவள் மூன்று முறை கேட்டிருந்தாள். மூன்று முறையும் சிரித்துப் பேசி அனுப்பிவிட்டார்கள். நூற்பாலையில் நூலின் தரம் பார்த்துக்கொண்டிருந்தவள். சட்டம் படித்தவள் இல்லை, முனைவர் பட்டமும் இல்லை. ஒரு கண்டுபிடிப்பு முன்பே எங்காவது வெளிவந்திருக்கிறதா என்று பார்க்கும் முன்தேடல், இருபத்திரண்டு வருடமாக முழுக்க அவள் கையில் என்பது வாசலுக்கு வெளியே யாருக்கும் தெரியாது.

போன மாதம் தலைமை நிர்வாகி நாச்சிமுத்து தானாகவே கூப்பிட்டுச் சொன்னார்.

“அம்மணி, உங்களையும் பக்கத்துல போட்ரலாம். ஐந்தாவது தலைவர். முந்நூறு வார்த்தை எழுதிக் குடுங்க. படிப்பு, பட்டம்னு எழுதாதீங்க. வேலைய எப்படிப் பண்றீங்கன்னு எழுதுங்க. நாங்கல்லாம் அப்படித்தான் எழுதியிருக்கோம்.”

ஒரே மூச்சில் எழுதினாள். இன்று பதினொன்று நாற்பதுக்குக் கீழே அரங்கத்தில், இருநூறு விருந்தினர் முன்னால், பெரிய திரையில் அதைத் திறக்கிறார்கள்.

ஆனால் விருந்தினர் வந்தது அதற்காக அல்ல. வார்ப்புகளுக்காக.

வார்ப்பி என்ற இயந்திரம் சந்தைக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. அதன் முன்னால் நாற்பது மணி நேரம் உட்கார வேண்டும். கேள்வி கேட்கும், வேலை கொடுக்கும். எங்கே தயங்குகிறோம், எதைப் பார்த்துத் துணிகிறோம் என்று கவனிக்கும். முடிவில் ஒரு வார்ப்பு கிடைக்கும். ஒரு மனிதர் ஆயுள் முழுக்கச் சேர்த்த பட்டறிவு, அந்த மனிதர் இல்லாமல். தாராபுரத்தில் பத்துப் படுக்கை மருத்துவமனை ஒன்றில் இன்று ஒரு பெரிய மருத்துவரின் கண் வேலை செய்கிறது. அவர் அந்த ஊருக்குப் போனதே இல்லை.

வார்ப்பைச் சொத்தாகப் பதிவு செய்யலாம். பட்டறிவுப் பதிவகம் ஒரே ஒரு நிபந்தனை வைத்தது: அது வெளியே சொல்லப்பட்டிருக்கக் கூடாது. யாராலும். உரியவராலும்கூட. நிறுவனத்துக்குள் பேசியது போகட்டும். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரே ஒருவரிடம் சொன்னாலும் சொன்னதுதான். பதிவு செய்த பிறகும் அதே விதி. சொன்ன நாளோடு உரிமை முடிந்தது. சரிபார்க்கப் பதிவகத்தில் ‘துழாவி’ என்று ஓர் இயந்திரம் இருந்தது. உலகில் எழுத்தாகவும் பேச்சாகவும் வெளிவந்த எல்லாவற்றையும் அந்த இயந்திரம் படித்து வைத்திருந்தது.

இன்று நான்கு தலைவர்களின் வார்ப்புகளும் அதன் முன்னால் இருந்தன. நாச்சிமுத்து மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவார். சட்டத் தலைவர் ஜெனோவா சாட்சிக் கூண்டில் நிற்பவரின் கையெழுத்தைப் பார்த்துவிட்டுத்தான் முதல் கேள்வியைக் கேட்பார். மற்ற இருவருக்கும் அப்படியொரு வித்தை. அறுபத்து மூன்று நிறுவனங்கள் அவற்றை வாடகைக்கு எடுக்கக் காத்திருந்தன.

பதினொன்று இருபத்தொன்பதுக்கு நாச்சிமுத்து, ஜெனோவா, கோகிலவாணி மூவரும் ஒரே திரையின் முன்னால் நின்றார்கள். நாச்சிமுத்து உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

“கோயமுத்தூரே நம்மளப் பாக்குதுங்க அம்மணி.”

“நெஞ்சு அடிச்சுக்குதுங்க சார்.”

ஐந்து வரிகள் வந்தன.

முதல் வரி: மறுக்கப்பட்டது. இரண்டாவது: மறுக்கப்பட்டது. மூன்றாவதும் நான்காவதும் அப்படியே.

ஐந்தாவது: ஏற்கப்பட்டது.

ஜெனோவா கண்ணாடியை மாட்டிக்கொண்டு காரணத்தை உரக்கப் படித்தார்.

“‘நான்கும் முன்பே வெளியில் சொல்லப்பட்டவை. சொன்னவர்கள்: விண்ணப்பதாரர்களே. ஆதாரம்: முதற்பொறி நிறுவனத்தின் எங்கள் தலைவர்கள் பக்கம். பதினோரு ஆண்டுகளாக வெளியில் உள்ளது.’”

நாச்சிமுத்து தன் கைபேசியில் அந்தப் பக்கத்தைத் திறந்தார். சொந்தப் படத்துக்குக் கீழே சொந்த வரிகள். ‘மோட்டாரின் சூட்டை நான் பார்ப்பதில்லை. சூடு எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்ப்பேன். மூன்று மூச்சு விடும் நேரம் போதும்.’

“கையப் புடிச்சு எழுதச் சொல்லிக் குடுத்த மாதிரி எழுதியிருக்கேன்” என்றார். “முன்தேடல் யாரு பண்ணுனது?”

“நாந்தானுங்க சார்.”

“உலகத்தையே சலிச்சீங்களே, இது கண்ல படலீங்களா?”

“நம்ம பக்கங்கள விலக்கிட்டுத்தானுங்க எப்பவும் தேடுவோம். நம்ம எழுதுனதே வந்து ரொம்பிக்குதுன்னு நீங்க போட்ட விதி சார். பதினஞ்சு வருசமா அதுதான் முதல் படி.”

நாச்சிமுத்து திரையின் பக்கம் திரும்பினார்.

“ஐந்தாவது எது?” என்று கேட்டார்.

ஜெனோவா கொஞ்சம் கூச்சப்பட்டார். “படிவத்துல அஞ்சு இடம் இருந்துச்சு. ஒண்ணை ஏன் காலியா விடணும்னு வெள்ளோட்ட வார்ப்பையும் சேர்த்து அனுப்பினேன். வார்ப்பி புதுசா வந்தப்ப கோகிலாவை உக்கார வச்சுப் பார்த்தோமே, அது.”

இருவரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். இருபத்திரண்டு வருடத்தில் அப்படி யாரும் பார்த்ததில்லை.

“தேறிருச்சு!” நாச்சிமுத்து மேசையைத் தட்டினார். “ஒண்ணு தேறிருச்சுங்க! உங்களப் பத்தி எங்கயும் ஒரு வரிகூட இல்ல, அதனால தேறிருச்சு. அறுபத்து மூணு பேருக்கும் முன்தேடல் வேணும். அம்மணி, நீங்கதான் இனி நிறுவனம்!”

அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அதே நேரம் கண் கடிகாரத்துக்குப் போனது. பதினொன்று முப்பத்தொன்பது.

“சார்” என்றாள். “கீழ என் பக்கம்.”

நாச்சிமுத்துவின் முகம் வெளுத்தது. அவள் எழுதியதை அவர் படித்திருந்தார். அதில் அவளுடைய தேடலின் சூட்சுமம் முழுக்க இருந்தது.

இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளும் இம்ரான் அரங்கத்தில் இருந்தான். அழைக்க வழியில்லை. ரகசியம் கசியாதிருக்க, அரங்கத்துக்குள் போகும் யாரும் கைபேசியை வாசல் பெட்டியில் போட்டுவிட வேண்டும். சுவரெல்லாம் அலைத்தடுப்புத் தகடு. அதுவும் நாச்சிமுத்து போட்ட விதி.

மின்தூக்கி தரைத்தளத்தில் நின்றது. அவள் காத்திருக்கவில்லை. செருப்பைக் கழற்றி எறிந்தாள். கொசுவத்தைக் கையில் சுருட்டிக்கொண்டு படிகளில் இறங்கினாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் காபித் தட்டோடு ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். பின்னால் நாச்சிமுத்துவின் குரல் மட்டும் வந்தது. “பாத்துங்க அம்மணி! பாத்து!”

அரங்கக் கதவைத் தள்ளியபோது உள்ளே இருட்டு. திரை மட்டும் வெளிச்சம். இம்ரான் வரிகளை ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டிருந்தான். பெயரும் படமும் கடைசியில் வரும். கைதட்டல் அப்போதுதான் விழும் என்று நேற்று சொல்லியிருந்தான்.

‘நூற்பாலையில் தொடங்கியவர் இவர்.’

‘இழை அறுந்த இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் கண்டவர்.’

இருநூறு பேர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அது அவளைப் பற்றி. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவள் நின்று படித்தாள். நன்றாகத்தான் எழுதியிருந்தாள்.

மூன்றாவது வரி அவளுக்கு மனப்பாடம். ‘எல்லோரும் கண்டுபிடிப்பைத் தேடுவார்கள். இவர்…’

இம்ரான் அடுத்த வரிக்கு விரலைத் தூக்கினான். அவள் இருக்கைகளுக்கு நடுவே ஓடிப்போய்த் திரைக்கு அடியில் குனிந்து ஒயரைப் பிடித்து இழுத்தாள்.

இருட்டு. பிறகு விளக்குகள் எரிந்தன. கையில் ஒயரோடு, வெறுங்காலோடு, கடுகு நிறப் பட்டில் அவள் நின்றாள்.

“அக்கா!” இம்ரான் பதறினான். “என்னக்கா பண்றீங்க? அடுத்து உங்க…”

“பேசாத இம்ரான்.”

முன்வரிசையில் ஒரு பம்பு முதலாளி எட்டிப் பார்த்தார். “யாருங்க அம்மணி நீங்க?”

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் அவள் பதினோரு வருடம் ஆசைப்பட்டாள். காலையில் வரும் வழியில் பதிலைச் சொல்லிக்கூடப் பார்த்திருந்தாள். ஆனால் பெயரைச் சொன்னால் அடுத்து வேலையைப் பற்றிக் கேட்பார்கள்.

“கரண்ட்டுப் பாக்க வந்தனுங்க” என்றாள்.

“பட்டுச் சேலை கட்டிட்டா?”

அரங்கம் சிரித்தது. அவளும் சிரித்தாள். ஒயரைக் கையிலிருந்து விடவில்லை.

மறுநாள் பக்கத்தில் ஐந்தாவது சட்டகம் வந்தது. படம் இல்லை. பெயர் இல்லை. ‘ஐந்தாவது தலைவர்’ என்று மட்டும் இருந்தது. முகம் தெரிந்த நால்வரை விட்டுவிட்டு, வந்தவர்கள் எல்லாம் அந்த வெற்றுச் சட்டகத்தைத்தான் கேட்டார்கள்.

முதற்பொறியின் கதை பரவியது. ஒரு மாதத்தில் ஊரிலுள்ள நிறுவனங்கள் எல்லாம் தலைவர்களின் பின்னணியை அழித்தன. எழுதியதை அழித்துப் பயனில்லை, துழாவி படித்துவிட்டது. ஆனால் புதிதாக யாரும் எழுதவில்லை, பேசவும் இல்லை. பணி ஓய்வு விழாக்கள் நன்றி, வணக்கம் என்ற இரண்டு சொல்லில் முடிந்தன. கல்யாண வீட்டில் என்ன வேலை என்று கேட்டால் “ஏதோ போகுதுங்க” என்றார்கள். பல் மருத்துவர்கள்கூட அப்படிச் சொன்னார்கள்.

பேசலாம் என்ற அனுமதியோடு நகரத்தில் நடமாடியவர்கள் மறுக்கப்பட்ட நால்வர்தான். ஏற்கெனவே சொல்லிவிட்டவர்கள், இழக்க ஒன்றுமில்லை. கல்லூரிகள் அவர்களை மாறி மாறி அழைத்தன. நாச்சிமுத்து பேசினால் நடைபாதையில் உட்கார்ந்து கேட்டார்கள். அவருக்கு இருபது வயது குறைந்துவிட்டது.

பதினோரு மாதம் கழித்து, ஒரு ஞாயிறு காலை, ஒரு கல்லூரியில் அவர் பேச்சைக் கேட்கக் கோகிலவாணி போயிருந்தாள். கடைசி வரிசை. அத்தனை மாதமும் வீட்டிலும் வெளியிலும் தன் வேலையைப் பற்றி அவள் வாய் திறந்ததில்லை.

பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். நாற்பது வயதிருக்கும். மடியில் துணிப்பை. அதிலிருந்து கடலைமிட்டாய் எடுத்து நீட்டினாள்.

“நல்லாப் பேசறாருங்க இல்ல?” என்றாள். “இந்த முன்தேடல்னு ஒண்ணு இருக்கே, அதை மட்டும் பெருசா சொல்லிக்கறாங்க. என்ன இருக்குதுங்க அதுல? நாலு சொல்லைப் போட்டா வந்துட்டுப் போகுது.”

கோகிலவாணி மிட்டாயைக் கடித்தாள்.

“எங்க மச்சாண்டார் பையனே பண்ணுவான். படிப்பே வேண்டாம்.”

“அப்படி இல்லீங்க” என்றாள் கோகிலவாணி.

“வேற எப்படியாம்?”

அவ்வளவுதான். மடை திறந்தது. “சொல்லைப் போட்டா கழிசடைதான் வரும். கண்டுபிடிப்பத் தேடக் கூடாதுங்க. பெருமையத் தேடணும். ரகசியத்தப் பூட்டி வைக்கறவன் கூட, பெருமை அடிக்கற இடத்துல தொறந்துருவான். வெள்ளிவிழா மலரு, கல்யாண வாழ்த்து மலரு, பணி ஓய்வுப் பேச்சு. திருப்பூர்ல ஒரு சாய உரிமைய நான் உடைச்சது எதை வச்சுங்கறீங்க? மாப்பிள்ளையோட சித்தப்பா மலர்ல எழுதுன வாழ்த்த வச்சு!”

கால் மணி நேரம் பேசினாள். அந்தப் பெண் கண்ணை எடுக்காமல் கேட்டாள். முடிந்ததும் கடிகாரத்தைப் பார்த்து, பையிலிருந்த சிறு நோட்டில் நேரத்தைக் குறித்தாள்.

“மன்னிச்சுக்குங்க அக்கா. நானும் முன்தேடல்தான். சென்னைக் கம்பெனி. உங்க வார்ப்பு வெளிய சொல்லப்பட்டிருக்கான்னு தேட அனுப்பினாங்க.”

கால் மணி நேரத்தில் உரிமை போய்விட்டது என்று கோகிலவாணிக்குப் புரிந்தது. பிறகு அவளையும் மீறி ஒரு மகிழ்ச்சி பொங்கி வந்தது. இவ்வளவு நேர்த்தியான தேடலை அவள் பார்த்ததே இல்லை.

“அடேயப்பா! எப்படிங்க என் வாயைத் தொறந்தீங்க?”

“அதைச் சொல்லக் கூடாதுங்க” என்றாள் அந்தப் பெண், பணிவாக. “என் வார்ப்பு போன வாரந்தான் பதிவாச்சு.”

கோகிலவாணி யோசித்தாள். மச்சாண்டார் பையன். நாலு சொல். வேலை தெரிந்தவள் முன்னால் வேலையைத் தப்பாகச் சொல்வது. திருத்தாமல் அவளால் இருக்க முடியாது என்று தெரிந்தே சொல்வது. எல்லாவற்றுக்கும் முன்னால் கடலைமிட்டாய்.

மேடையில் நாச்சிமுத்து பேசி முடித்திருந்தார். கேள்வி உண்டா என்று கேட்டார்கள். கோகிலவாணி கையைத் தூக்கினாள்.

அந்தப் பெண் அவள் முழங்கையைப் பிடித்தாள். “அக்கா. வேண்டாங்க அக்கா. நீங்க சொன்னா என் பதிவும் போயிரும்.”

ஒலிவாங்கி வரிசை வரிசையாகக் கைமாறி வந்தது. அரங்கம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

“பேரைச் சொல்லிட்டுப் பேசுங்கம்மா” என்றார் கூட்டத்தை நடத்திய பேராசிரியர்.

அவள் எழுந்து நின்றாள்.

“என் பேரு கோகிலவாணிங்க” என்றாள்.