சிங்குக்குக் கீழே ஒரு பேணி

பேணி ஈரமாக இருந்தது.

சிங்குக்குக் கீழே, சவர்க்காரத்தூள் பெட்டிக்குப் பின்னால், விளிம்பு உடைந்த அந்த நீலத் தேத்தண்ணிப் பேணியைக் கமலாதேவி துடைத்து வைத்து மூன்று நாளாகிறது. அதை எடுப்பது அவள் மட்டும்தான். அதுவும் கிருஷிகன் வந்தால் மட்டும். கட்டினால் அவனைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள் மகள் ஹம்சிகா. அவன் தகப்பன் ஊரில் எந்தப் பக்கம், என்ன ஆட்கள் என்று சிரித்துச் சிரித்தே கறந்தெடுத்த அன்று, அவனுக்கென்று இதை ஒதுக்கிவிட்டாள் தாய். பாவம், நல்ல பொடியன்; குடித்ததும் தானே கழுவி வைப்பான். ஹம்சிகாவுக்கு மட்டும் இது தெரிந்தால் அன்றைக்கே பெட்டியைக் கட்டிவிடுவாள்.

மூன்றரை மணிக்கே நொர்வேயின் பியோர்ண்டால் பகுதி இருட்டிவிட்டது. வெளியே பனி சத்தமில்லாமல் விழ, உள்ளே ஹீட்டரின் சூடும், வதக்கிய வெங்காய வாசமும், எங்கிருந்தோ ஈர இரும்பின் நாற்றமும் கலந்து வர, அதற்கிடையில் சொட்டுச் சொட்டென்று ஒரு சத்தம். குழாயை இறுக்கினாள். நிற்கவில்லை.

அறைக்குள் ஹம்சிகா, நாளைக்குக் கல்லூரியில் பேசவேண்டியதை நொர்வேஜிய மொழியில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அமெரிக்காவில் அடிமைகளாக இருந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கும் தனிக் குழாய் வைத்த கதை.

"அம்மா, வெள்ளைக்காரருக்கு ஒரு குழாயாம், கறுப்பருக்கு ஒரு குழாயாம். ஆனா சுவருக்குள்ளை ஒரே பைப்பாலைதான் தண்ணி வந்தது. விசர் வேலையெல்லோ?"

"ஓம் பிள்ளை." கமலாதேவி குனிந்து சிங்குக்குக் கீழிருந்த அலுமாரியைத் திறந்தாள்.

பேணியைத் துடைத்து வைத்துக் கதவைச் சாத்தினாள். கதவுக்குப் பின்னால் சொட்டு. குனிந்து திறந்தாள். பேணி நிறையத் தண்ணீர்.

ஊற்றினாள். வைத்தாள். சாத்தினாள். திறந்தாள். நிறைந்திருந்தது.

குப்பையில் போட்டுவிட வேண்டும். இப்போதே. கையை நீட்டினாள். பேணி இல்லை.

அறையில் குரல் நின்றுவிட்டது.

"ஹம்சி?"



இன்னும் குனிந்தாள். சுவர் இருக்கவேண்டிய இடத்தில் சுவர் இல்லை. இருட்டு. இருட்டுக்குள் கைகள். தண்ணீருக்குக் குவித்து ஏந்திய கைகள், வரிசைக்குப் பின்னால் வரிசை. சிலவற்றின் மணிக்கட்டில் விலங்குத் தழும்பு. சிலவற்றை அவளுக்குத் தெரியும். ஊர்க் கிணற்றடியில் எட்ட நின்று ஏந்திய கைகள். ஒன்றும் ஆடவில்லை.

முன்வரிசையில் ஒரு சோடி. சின்னக் கைகள். இடக்கையில், ஹம்சிகாவின் பதினெட்டாவது பிறந்தநாளுக்கு அவளே பார்த்துப் பார்த்து வாங்கிப் போட்ட தங்கக் காப்பு.

"அம்மா," என்றது உள்ளிருந்து, மெதுவாக, மரியாதையாக. "எனக்கும் எட்டவே நிண்டு ஊத்துங்கோ."