ஆறாத தூண்

கூடத்தின் நடுத்தூணில் ஜெயபாலன் சுற்றி வைத்திருந்த ஈரத் துண்டு, மழை மேகம் கவிந்த அந்தப் பகலிலும் மொறுமொறுவென்று காய்ந்திருந்தது. கத்தரின் புறங்கையை அருகில் கொண்டுபோனாள். காய்ச்சல்காரரின் முதுகுப் பக்கம் கையை நீட்டியது போல அனல் வந்தது. தொடத் தோன்றவில்லை.

சிமெண்டு இறுகும்போது சூடு வரும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. தம்பி திமோத்தியோடு சேர்ந்து, கைவிடப்பட்ட ரப்பர் தோட்டங்களில் துண்டு நிலம் வாங்கிச் சின்னச் சின்ன வீடுகளாகக் கட்டி விற்கிறவள். ஆனால் இந்தத் தூணை வார்த்த பலகையைப் பிரித்து எத்தனையோ வாரம் ஆகிவிட்டது.

“பூச்சு நிக்கமாட்டேங்குது அக்கா,” என்றான் ஜெயபாலன். ஆரம்பத்திலிருந்தே அவர்களிடம் பூச்சு வேலை செய்கிறவன். “பூசப் பூச உரிஞ்சு விழுது. தோலு மாதிரி.”

தூணடியில் கிடந்த துண்டுகள் விளிம்பு சுருண்டிருந்தன. சிமெண்டு சுருளாது. அவள் குனிந்தபோது, இந்த வீட்டுக்காக இடித்துத் தள்ளிய பழைய பால் கொட்டகையின் வாடை, புளித்த ரப்பர் பாலும் ஈரச் சாக்கும் கலந்த வாடை, தரையிலிருந்து எழுந்து அவள் தொண்டையில் ஒட்டிக்கொண்டது.

“சனிக்கிழமை வீட்ட வாங்கின நவமணி அக்கா குடும்பத்தோட பால் காய்ச்ச வாராங்க,” என்றாள். “இத வெச்சிட்டு எப்படிச் சாவி கொடுக்கிறது?”

திமோத்தி சம்மட்டியோடு வந்தான். “உடைச்சிட்டு வேற போட்ரலாம் லா. கூரைக்கு முட்டுக் கொடுத்தாச்சு. நீ வெளிய நில்லுக்கா, தூசு.”

மழை பிடித்துக்கொண்டது. ஜெயபாலன் சிமெண்டு மூட்டைகளை மூட, வரிசையில் கட்டிக்கொண்டிருந்த கடைசி வீட்டுக்கு ஓடினான். கத்தரின் முகப்பில் நின்றாள். எதிரே செம்பனை மட்டைகள் தண்ணீர் சுமந்து தொங்கின. தகரத்தின் மேல் கொட்டும் மழையின் இரைச்சலுக்குள், பின்னாலிருந்து சம்மட்டி ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது.

ணங். ணங். ணங்.

பிறகு சத்தம் மாறியது.

கனமான, ஈரமான அடி. புந்தோங் சந்தையில் இறைச்சிக் கட்டையின் மேல் கத்தி இறங்குவது போல. உள்ளே கலவை சரியாக இறுகவில்லை போலிருக்கிறது என்று நினைத்தாள். அப்படியே நினைத்துக்கொண்டிருக்க ஆசைப்பட்டாள்.

“அக்கா, உடையுது!” திமோத்தியின் குரலில் அவ்வளவு சந்தோஷம்.

உள்ளே போனாள்.

அவன் தூணில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். தூணில் ஒரு கீறல் இல்லை. அவனுடைய வலது முட்டி இருந்த இடத்தில் சிவப்புக் கூழும் வெள்ளைச் சில்லுகளும் கிடந்தன. நெற்றியில் வேலை செய்கிறவனின் வியர்வை. முகத்தில் வலி இல்லை.

“உள்ள கம்பியே இல்லக்கா. பாரேன்.”

சம்மட்டி மறுபடி உயர்ந்தது. இடது முட்டியில் இறங்கியது.

“டேய்! தம்பி! வேணாம்டா!”

பிடுங்கினாள். அவன் தடுக்கவில்லை. சாமான் எடுத்துக் கொடுப்பது போலக் கொடுத்தான். அதை மூலையில் வீசிவிட்டு, அக்குளில் கைகொடுத்து இழுத்தாள். அவன் நகரவில்லை. முதுகு தூணோடு ஒட்டியிருந்தது. பலம் கொண்ட மட்டும் இழுத்தாள். ஏதோ கிழிந்தது. சட்டை என்று நினைத்தாள். சட்டை அல்ல.

“ஜெயபாலா! ஓடி வா!”

அவன் சொட்டச் சொட்ட நனைந்து ஓடி வந்தான். பார்த்தான். “ஐயோ, முருகா...” மண்டியிட்டான். ஒரு கையால் திமோத்தியின் தோளைப் பிடித்தான். இழுப்பதற்குத் தோதாக மறு கையைத் தூணில் ஊன்றினான்.

அவன் புலம்பல் நின்றது.

கோணியிருந்த அவன் வாய் மெல்ல நிமிர்ந்தது. விரிந்தது. கையை எடுத்தான். உள்ளங்கைத் தோல் தூணிலேயே தங்கிவிட்டது. அவன் அதைக் கவனிக்கவில்லை. எழுந்தான். மூலைக்குப் போனான். சம்மட்டியை எடுத்து, பிடியைக் கைலியில் துடைத்தான்.

“எங்கேருந்து உடைக்கணும் அக்கா?”

ஓட வேண்டும். வாசல் எதிரேதான். மழை. செம்பனை. ரோட்டில் போகும் லாரியின் ஹாரன்.

அவள் கால்கள் திரும்பின. இடது கை வரவில்லை.

எப்போது ஊன்றினாள்? தெரியவில்லை. உள்ளங்கை தூணில் பதிந்திருந்தது. இதமான சூடு. மணிக்கட்டுக்குக் கீழே எதுவும் அவளுடையதாக இல்லை.

கீழே திமோத்தி அண்ணாந்து பார்த்துத் தலையசைத்தான்.

ஜெயபாலன் காலை அகட்டி நின்றான். சம்மட்டி அவன் தோளுக்கு மேலே போனது. கத்தரின் அலறினாள். அலறிக்கொண்டே பார்த்தாள். அவள் விரல்கள், ஒவ்வொன்றாக, அடி வாங்கத் தோதாக விரிந்துகொண்டிருந்தன.