நான்காவது சுவர்

காலை 9.20. இரும்பு அலமாரி பூட்டியபடியே இருந்தது. உள்ளே வரைபடம் இல்லை.

பாதுகாப்பு அதிகாரி ஷியாமளா ஒவ்வொரு தட்டாக மறுபடி தேடினாள். போன மாதம் ஒரு கூட்டம் இந்தத் துணைத் தூதரகத்தின் மதிலேறிக் குதித்தபோது, பதினோரு பேர் மேசைக்கடியில் பதுங்கித் தப்பினார்கள். அவளும் அவர்களில் ஒருத்தி. அதன் பிறகுதான் வாசலில் இரும்புத் தூண்கள், உள்ளே ஆபத்துக்கு ஒளிய ஓர் அறை. காணாமல் போனது அந்த அறையின் வரைபடம். ரகசியம் என்பதால் ஒரே பிரதி. மாலை நான்கு மணிக்கு அதை வைத்து அறையைச் சோதிக்க ஆள் வருகிறார்.

நேற்று பதினொரு மணிக்கு அவளே வைத்துப் பூட்டிவிட்டு வெளியே போனாள். ஒரு மணிக்கு வந்து, அலமாரியைத் திறந்து பார்க்காமலே அது இருந்த அறைக்குச் சீல் வைத்துவிட்டாள். இடையில் இரண்டு மணி நேரம். மாற்றுச் சாவி காவலாளி, என்ஜினியர் இருவரிடமும் இருந்தது.

9.40. காவலாளி தீபக் வங்காள மொழியில் அழாத குறையாகச் சொன்னான்:

"மொட்டை மாடியில தனியாத்தான் நின்னேன், அக்கா. வந்து விழுந்த பட்டங்களைப் பொறுக்கிட்டிருந்தேன். நான் எடுக்கல."

சாட்சி இல்லை. பன்னிரண்டு மணிக்கு அவனைப் போலீஸில் ஒப்படைக்கும்படி மேலிடத்து உத்தரவு.

9.55. ஒப்பந்தக்காரரின் என்ஜினியர் ரமேஷ்பாபு, கோயம்புத்தூரிலிருந்து வங்காளத்துக்கு வந்து மூன்றே வாரம்.

"பின்வாசல்லதானுங்க நின்னேன். தூணுக்கு வெல்டிங் வெச்சாங்க. கண்ணே கூசிப்போச்சுங்க."

"நடுவுல நகரலையா?"

"டீக்குக்கூட நகரலைங்க மேடம்."

கண் கூசியதை யாரும் கேட்கவில்லை. பொய்க்காரர்களுக்குத் தாராள மனசு.

10.15. பின்வாசல். இன்று வேலையாட்களை உள்ளே விடவில்லை. வெல்டிங் மெஷினில் குங்குமம். கைப்பிடியையும் சேர்த்துச் சுற்றிய செண்டுமல்லி மாலையில் ஒரு பூகூடக் கருகவில்லை.

10.30.

"நேத்து என்ன நாள், ரமேஷ்பாபு?"

"புதன்கிழமைங்க."

"செப்டம்பர் பதினேழு. இங்க விஸ்வகர்மா பூஜை. ஊரே பட்டம் விடும். வெல்டர்ங்க மெஷினுக்கு மாலை போட்டுக் கும்பிட்டுட்டு, பத்து மணிக்கே வீட்டுக்குப் போயிட்டாங்க. அன்னைக்கு யாரும் மெஷினைத் தொட மாட்டாங்க. நீங்க யாரு வெல்டிங் வெச்சதைப் பார்த்தீங்க?"

அவன் தன் பையை இறுக்கிப் பிடித்தான். "ஆயுத பூஜை அடுத்த மாசம்தானுங்களே..."

"அது நம்ம ஊர்ல."

பையிலிருந்து வரைபடத்தை எடுத்து வைத்தான்.

"விக்க எடுக்கலைங்க. அந்த ரூம்ல மூணு சுவத்துக்குள்ள இரும்புத் தகடு வெச்சாச்சு. நாலாவதுக்குத் தகடு வரலை. தேதி நெருங்கிருச்சு, வெறும் செங்கல்லைக் கட்டிப் பூசிட்டேன். படம் இல்லைன்னா சோதனை தள்ளிப்போகும், அதுக்குள்ள தகடு வந்துரும்னு..."

ஷியாமளா வரைபடத்தை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். தீபக்கைக் கூப்பிட்டு, பயப்படாமல் போய் டீ குடிக்கச் சொன்னாள். பிறகு போலீஸுக்குப் போனை எடுத்தாள்.

ரமேஷ்பாபு கைகூப்பினான். "சும்மா பேருக்குக் கட்டுற ரூமுங்க மேடம். அதுக்குள்ள போய் யாருங்க ஒளியப் போறாங்க?"

"நாங்கதான்."