ஆணையருக்காக எழுந்த அலை

காலை ஆறு மணிக்கு வீட்டின் பேசும் சுவர் அலையுயரத்தைச் சொன்ன பிறகுதான், கடலில் மிதக்கும் மிதவூரில் யாரும் மின்னடுப்பைத் தொடுவார்கள். ஒரு மீட்டர் என்றால் இட்லி உண்டு. அரை மீட்டர் என்றால் கஞ்சியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அன்று சுவர், "ஐந்து சென்டிமீட்டர்" என்றது. பங்குனிக் கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது.

அலைமின் நிலையப் பொறியாளர் ஸ்டெல்லா கொரேரா மின்மானியையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பதினோரு மணிக்கு மின்துறை ஆணையர் வருகிறார். ஆணையரும் ஓர் இயந்திரம்தான், இருந்தாலும் பதவி பதவிதானே.

"கடுதாசியில 'சிறப்பு ஏற்பாடு வேண்டாம், உள்ளதை உள்ளபடி காட்டவும்'னு போட்டிருக்கே அம்மா," என்றது உதவி இயந்திரமான சிப்பி.

"எல்லாக் கடுதாசியிலயும் அப்படித்தான் போடுவாவ. அதை நம்பிச் சும்மா இருந்தா மானம் போயிரும்."

ஊரைச் சுற்றி மிதந்த நாற்பது அலைவாங்கிகளும் அலையில் ஏறி இறங்கி மின்சாரம் தருபவை. சேமித்த மின்சாரத்தை அவற்றுக்கே திருப்பிக் கொடுத்தால், அவையே ஏறி இறங்கி அலை எழுப்பும். அதைச் செய்யச் சொன்னாள் ஸ்டெல்லா.

"அது குடிதண்ணி மெஷினுக்கு நாலு நாளைக்கு வச்சதும்மா."

"ஒரு மணி நேரந்தான. விடு."

ஆணையர் வந்தபோது கடல் குதியாட்டம் போட்டது. சேமிப்பு கரைவதைக் காட்டும் மின்மானியின் முகத்தை மறைத்துப் பெரிய சம்பங்கி மாலை ஒன்று தொங்கியது. ஆணையர் அதை விலக்கிப் பார்க்கவில்லை. பொய் என்று ஒன்று இருப்பதை அதற்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

"மிக்க மகிழ்ச்சி," என்றது. "எங்களிடம் இருப்பது ஒரே ஒரு மின்கிடங்குக் கப்பல். இந்த மாதத்தில் அலையே இல்லாத ஊருக்கு அதைக் கொடுக்கத்தான் தேடி வந்தேன். உங்களுக்குத் தேவைப்படாது. அடுத்த ஊரைப் பார்க்கிறேன்."

ஸ்டெல்லா வாயைத் திறந்தாள். ஊரே கைதட்டிக்கொண்டிருந்தது. "ரொம்ப நன்றிங்க," என்றுதான் வந்தது.

மதியம் குடிதண்ணீர் இயந்திரம் நின்றது. குடங்கள் வரிசைகட்டின. முதல் குடத்துக்காரி செசிலி கேட்டாள்: "என்ன ஸ்டெல்லா, ஆணையரே நம்ம கடலை மெச்சிட்டுப் போச்சாமே! பெறகு ஏன் தண்ணி வரல?"

ஸ்டெல்லாவால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. மிதவூரில் அதற்குத் தரைகூடக் கிடையாது. செசிலியின் இடுப்பிலிருந்த பிள்ளை காலிக் குடத்துக்குள் கைவிட்டுத் துழாவியது. வெட்கத்தில் ஸ்டெல்லாவுக்குக் காது மடல் எரிந்தது.

"நாந்தான் செசிலி. ஆணையர் முன்னால அலை காட்டணும்னு எல்லா மின்சாரத்தையும் நாந்தான் கடல்ல விட்டேன்."

செசிலி பிள்ளையின் கையைக் குடத்திலிருந்து மெல்ல எடுத்துவிட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"ஆணையர் இன்னும் பக்கத்துலதாம்மா போறாரு," என்றது சிப்பி. "கூப்பிட்டு உண்மையைச் சொல்லிரவா?"

"கூப்பிடு. நானே எல்லாத்தையும் சொல்லுதேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிலையத்தைப் பார்த்தாள்.

"வாரதுக்குள்ள அந்த மாலையை மட்டும் மாத்திரு சிப்பி. வாடிக் கிடக்கு, பாத்தா என்ன நினைப்பாரு?"